கிறிப் மாற்றுதல்: சொலூசனா, ஸ்பிரிட்டா, பெற்றோலா?

மோட்டார் சைக்கிள் ஹாண்டிலின் இரு நுனியிலும் கை பிடிக்கும் இறப்பர் உறைதான் கிறிப். இடப்பக்கக் கிறிப்பும் வலப்பக்கக் கிறிப்பும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும், அவை இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால், வீட்டிலிருந்து அவற்றை மாற்ற முயல்கிறவர் படும் பாட்டில் பாதி குறைந்துவிடும். இடப்பக்கக் கிறிப் நேரடியாக இரும்பு ஹாண்டிலின் மேல் ஏறுகிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அந்த இடத்தில் ஹாண்டிலின் வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர் ஆகும். வலப்பக்கக் கிறிப் ஏறுவதோ ஹாண்டிலின் மேல் சுழலும் பிளாஸ்ரிக் அக்சிலேற்றர் குழாயின் மேல். அதனால் அதன் உள்துளை ஏறத்தாழ 25 மில்லிமீற்றராக இருக்கும். வலப்பக்கத்துக்குரியதை இடப்பக்கத்தில் ஏற்றினால் எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது. ஆகவே எதைக் கொண்டு கழற்றுவது, எதைக் கொண்டு பொருத்துவது என்ற கேள்விக்கும் இரு பக்கத்துக்கும் ஒரே விடை கிடையாது.

வன்னியில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணங்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், கைமாற்றிவிட நினைத்த பழைய சைக்கிள்களையே பலரும் திருத்தித் திருத்தி ஓடவேண்டியதாயிற்று. ஏ9 வீதியையோ பரந்தன் முல்லைத்தீவு வீதியையோ விட்டு உள்ளே இறங்கினால் கிரவல் புழுதி. வயல் வரம்போரத்தில் காலையிலிருந்து பின்னேரம் வரை வெயிலில் நிற்கும் சைக்கிள். மருந்தடித்த கையையும் ஒயில் பட்ட கையையும் கழுவாமல் பிடிக்கும் பழக்கம். வெயிலும் வியர்வையும் சேர்ந்து இறப்பரைச் சிலவற்றில் பிசுபிசுப்பாக்கும், சிலவற்றில் வெடிக்கச் செய்யும். உள்ளே ஒயில் இறங்கிவிட்டால் கிறிப் கையோடு சேர்ந்து சுழலத் தொடங்கும்.

கராஜில் கொடுப்பதா, வீட்டில் செய்வதா என்பதை நீட்டிப் பேசத் தேவையில்லை. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ நல்ல கைகாரர் ஒருவர் பத்து நிமிடத்தில் இதை முடித்துவிடுவார் என்பது உண்மை. ஆனால் வாடிக்கையாளர் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும்போது, காய ஒரு நாள் எடுக்கும் பசையை எந்தக் கராஜ்காரரும் விரும்பமாட்டார். உடனே பிடிக்கும் சுப்பர் குளூவைத்தான் பலர் கையில் எடுப்பார்கள். வீட்டில் செய்வதன் பெரிய இலாபம் காசு அன்று, ஒரு முழுநாள் சைக்கிளை அசையாமல் விட்டுவைக்க முடிவதுதான்.

கழற்றுவதற்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுவது. இடப்பக்கத்தில் இதைவிட விரைவான வழி வேறில்லை. உள்ளே இரும்பு இருப்பதால் பிளேட் நுனி உரசினாலும் பெரிய கேடு வராது. வலப்பக்கத்தில் அதே பிளேட் பிளாஸ்ரிக் குழாயில் ஆழமாக இறங்கிவிட்டால், அந்தக் கீறலிலிருந்தே குழாய் பின்னொரு நாள் பிளந்துபோகலாம். இரண்டாவது, மெல்லிய ஸ்க்ரூட்ரைவரை விளிம்பின் கீழே நுழைத்துச் சவர்க்காரத் தண்ணீரை உள்ளே விட்டு, முறுக்கி முறுக்கி இழுப்பது. நேரமெடுக்கும், ஆனால் பழைய கிறிப் முழுதாக வரும். வலப்பக்கத்துக்கு இதுவே பொருத்தம். மூன்றாவது கொம்பிறசர் காற்று. கூர்முனையுள்ள காற்றுத் துப்பாக்கியை விளிம்பின் கீழே செலுத்தினால் கிறிப் பலூன் போல ஊதித் தானாக நழுவும். பார்க்க அழகான வேலைதான்; ஆனால் ரயருக்குக் காற்றடிக்கும் வாயை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, சைக்கிளையும் கடைவரை உருட்டவேண்டும். சுப்பர் குளூ போட்ட கிறிப்பின் முன் காற்றும் தோற்றுப்போகும்.

சில சைக்கிள்களில் ஹாண்டில் நுனியில் அதிர்வைக் குறைக்கும் இரும்புக் குண்டு திருகப்பட்டிருக்கும். அதை முதலில் கழற்றியாகவேண்டும். அந்தத் திருகாணியின் தலையைத் தேய்த்துவிட்டால் கிறிப் வேலை வேறு வேலையாக மாறிவிடும் என்பதால், தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூட்ரைவரை வைத்து, பின்புறத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிய பிறகே திருப்புவது நல்லது. புதிதாக வாங்கும் கிறிப்பின் நுனியும் திறந்ததாக இருக்கவேண்டும். மூடிய நுனியுள்ளதை வாங்கிவந்தால் குண்டைத் திரும்பப் பூட்ட இடமிராது.

இனிப் பொருத்துவது. உண்மையான போட்டி இங்கேதான். வறண்ட இறப்பர் வறண்ட இரும்பில் ஏறாது. ஆகவே ஏறும்போது வழுக்கி, ஏறியபின் வழுக்காத ஒன்று வேண்டும். இந்த இரண்டு குணமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒவ்வொரு பொருளும் இவற்றில் ஒன்றில் தேறி மற்றதில் தடுமாறுகிறது.

சவர்க்காரத் தண்ணீர் ஏறுவதற்கு மிகவும் எளிது. அதன் குறை பின்னர்தான் தெரியும். தண்ணீர் காய்ந்தாலும் சவர்க்காரப் படலம் உள்ளேயே இருக்கும். கோடையில் இறுகிப் பிடித்திருக்கும் கிறிப், ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் இறங்கியதும் மறுபடி வழுக்கும். இரும்பில் துருவும் ஏறும். கழற்றுவதற்கு உகந்தது பொருத்துவதற்கு உகந்ததாக இல்லை.

பெற்றோல் எங்களூரில் பழைய வழக்கம். இரும்பையும் துடைக்கும், இறப்பரைச் சற்று இளக்கி ஏற்றியும் விடும், பின்னர் ஆவியாகிவிடும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கி ஓடிய நாட்களில் ஒரு மூடி பெற்றோலையும் இப்படிச் செலவழிக்க மனம் வந்திராது என்பது வேறு கதை. பெற்றோலிடம் இரண்டு குறைகள் உண்டு. அதிகம் ஊற்றினால் இறப்பர் ஊதிப் பருத்து, வடிவம் குலையும். மற்றது வயல் வீடுகளுக்கே உரிய தவறு: மருந்தடிக்கும் மெஷினுக்கென்று ஒயில் கலந்து போத்தலில் வைத்த பெற்றோலை எடுத்துவிடுவது. பெற்றோல் பறந்துவிடும், ஒயில் பறக்காது. அந்தக் கிறிப் ஒருநாளும் இறுகாது. மண்ணெண்ணெயும் அவ்வாறே. விறகடுப்பு எரியும் குசினிப் பக்கம் இந்த வேலையை வைத்துக்கொள்ளக்கூடாது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

ஸ்பிரிட் என்னும் பாமசிச் சரக்கு பெற்றோலைவிடச் சுத்தமானது. காயத்துக்குப் பூசும் அந்த ஸ்பிரிட்டைக் கிறிப்பின் உள்ளே ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு ஒரே தள்ளில் ஏற்றினால், சில மணி நேரத்தில் உள்ளே எதுவும் மிச்சமில்லாமல் காய்ந்துவிடும். அதன் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே: உள்ளே ஒட்டும் பொருள் எதுவுமில்லாததால், கிறிப்பின் இறுக்கம் ஒன்றையே நம்பியிருக்கவேண்டும். கொம்பனிக் கிறிப் என்றால் அந்த இறுக்கம் போதும்; மலிவான கொப்பிக் கிறிப் என்றால் போதாது. கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய கைச் சுத்திகரிப்புத் திரவத்தை ஸ்பிரிட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் கை வறளாமலிருக்கக் கிளிசரின் சேர்க்கப்படுவது வழக்கம், கிளிசரின் காயாது. அதைக் கைக்கே வைத்துக்கொள்ளலாம்.

சுப்பர் குளூவைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரப்பதனைக் கொண்டு நொடிகளில் இறுகுவது அதன் இயல்பு. மாரிகாலப் பின்னேரமொன்றில் ஹாண்டிலைச் சுற்றிப் பூசிவிட்டுக் கிறிப்பைத் தள்ளினேன்; இரண்டு விரலகலம் வெளியே நிற்கும்போதே அது நின்றுவிட்டது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. புதுக் கிறிப்பைப் பிளேட்டால் கீறி எறிந்ததோடு, இரும்பில் ஒட்டிய இறப்பரைச் சுரண்ட ஒரு காலை நேரமும் போயிற்று. சரியாக ஏறிவிட்டாலும் அது நம்பத்தக்கதன்று. காய்ந்த குளூ கண்ணாடி போல நொறுங்கும் தன்மையது. 100 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வும் நெல்மூட்டை ஏற்றிய ஓட்டத்தின் முறுக்கலும் அதை உள்ளுக்குள் வெடிக்கச் செய்யும். பிடித்தால் கழற்ற முடியாது, விட்டால் திடீரென்று விடும்.

மிஞ்சியது சொலூசன், அதாவது துவிச்சக்கரவண்டி ரியூப் ஒட்டும் இறப்பர்ப் பசை. வன்னியில் துவிச்சக்கரவண்டி இல்லாத வீடு அருமை என்பதால் இந்தக் குழாய் எங்காவது ஒரு மாடத்தில் கிடக்கும். இது இறப்பரைக் கரைப்பானில் கரைத்துச் செய்த பொருள்; ஈரமாக இருக்கும்வரை வழுக்கும், கரைப்பான் பறந்ததும் இறப்பராகவே மிஞ்சும். அப்படி மிஞ்சுவது வளைந்து கொடுக்கும், நொறுங்காது. அடுத்த தடவை கழற்றும்போது விளிம்பைத் தூக்கிச் சிறிது பெற்றோல் விட்டால் இளகியும் விடும். ஆனால் ரியூப் ஒட்டும் பழக்கத்தில் பூசிவிட்டுக் காயும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அரைகுறையாகக் காய்ந்த சொலூசன் தொட்ட இடத்திலேயே பற்றிக்கொள்ளும். ஈரம் மாறுமுன் ஏற்றி, வரிகளை நேராக்கிக் கையை எடுத்துவிடவேண்டும். இரும்புக்கும் இறப்பருக்கும் நடுவில் அடைபட்ட கரைப்பான் வெளியேற வழி குறைவாகையால் ஒரு முழுநாள் விடவேண்டும் என்பதே இதன் ஒரே குறை.

இடப்பக்கத்துக்கு என் தெரிவு சொலூசன்தான். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் இங்கே இன்று நிறையப் பேர். அவர்களுக்கும் இதையே சொல்வேன். ஸ்கூட்டரில் இடக்கை பிறேக்கைப் பிடிக்கும் கையாகையால், அந்தப் பக்கத்துக் கிறிப் நழுவினால் நிறுத்தவேண்டிய நேரத்தில் பிடி தவறும்.

வலப்பக்கத்தில் கணக்கு மாறுகிறது. அங்கே கிறிப் சுழல்வதைவிடப் பெரிய ஆபத்து, திருப்பிய அக்சிலேற்றர் திரும்பி வராமல் நின்றுவிடுவது. அதிகமாகப் பூசிய எந்தப் பசையும் குழாயின் திறந்த நுனி வழியே உள்ளே வழிந்து, குழாயையே ஹாண்டிலோடு ஒட்டிவிடலாம். பல சைக்கிள்களில் பிளாஸ்ரிக் குழாயின் மேல் வரிகள் இருக்கின்றன. கொம்பனிக் கிறிப் அவற்றைப் பற்றிக்கொள்ளும் என்பதால் ஸ்பிரிட் மட்டும் போதும். கொப்பிக் கிறிப்புக்குச் சொலூசன் வேண்டுமென்றால், சுவிற்ச் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றிக் குழாயை வெளியே எடுத்து, அதன் மேல் கிறிப்பை ஏற்றிக் காயவைத்த பின்னர் திரும்பப் பூட்டுவதே பாதுகாப்பானது. அப்போது குழாயின் உட்புறத்தையும் ஹாண்டிலையும் உலர்துணியால் துடைக்கலாம். புழுதி வீதியில் ஓடும் சைக்கிளுக்கு அந்த இடத்தில் கிறீஸ் அப்புவது, மண்ணை அழைத்து உட்காரவைப்பதுதான். சில மாதிரிகளுக்குக் குழாயும் கிறிப்பும் ஒன்றாகவே விற்கப்படுகின்றன. கிடைத்தால் வாதமே இல்லை, அதையே வாங்கலாம்.

எந்தக் கிறிப் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொம்பனிக் கிறிப் விலை கூடினாலும் உள்துளை சரியாக இருக்கும். தடித்த மெத்தைக் கிறிப் அதிர்வைக் குறைக்கும், ஆனால் சிறிய கைக்குக் கிளச் எட்டாது. போர்க்காலக் காயங்களால் விரல் மடக்க முடியாதவர்கள் எங்களிடையே பலர் இருக்கிறார்கள், அவர்களில் சிலருக்கு அதே தடிப்பு உதவியாகவும் அமையும், ஆகவே கடையிலேயே பிடித்துப் பார்த்து வாங்குவது மேல். பழைய கிறிப்பின் மேலேயே மாட்டும் பஞ்சு உறையை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மழை நீரையும் வியர்வையையும் குடித்து நாறுவதோடு, வலப்பக்கத்தில் அது தனியாகச் சுழலும்.

எதைக் கொண்டு பொருத்தினாலும், வலப்பக்கக் கிறிப்பின் உள்விளிம்புக்கும் சுவிற்ச் பெட்டிக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். நுனியில் குண்டு இருந்தால் அந்தப் பக்கமும் அவ்வாறே. எஞ்சினை அணைத்துவிட்டு அக்சிலேற்றரை முழுதாகத் திருப்பிக் கையை எடுத்தால் அது ‘டக்’கென்று திரும்பவேண்டும். பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, ஹாண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பும்போது எஞ்சின் சத்தம் கூடாமல் இருக்கவேண்டும். கூடினால் சைக்கிள் முற்றத்தை விட்டு வெளியே போகக்கூடாது.

காய்வதற்கு விடும் நாளைத்தான் எல்லோரும் குறைத்துக்கொள்கிறார்கள். கடந்த சிறுபோகத்தில் நான் இரவு எட்டு மணிக்குச் சொலூசன் பூசி இடப்பக்கக் கிறிப்பை ஏற்றிய சைக்கிளை, விடிய ஐந்து மணிக்கு அக்காவின் மகன் பால் கொண்டுபோகவென்று எடுத்துச் சென்றான். திரும்பி வந்து, “மாமா, கிறிப் கையோட சேந்து சுத்துது” என்றான். மறுபடி கழற்றித் துடைத்துப் பூசினேன். அதற்குப் பிறகு சொலூசன் பூசும் நாட்களில் சைக்கிளின் திறப்பு என் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது.