பூஜ்யம் காட்டிய பெட்டி: அமோனியா கசிவுக் கண்காணிப்புக் கருவி, பதினான்கு மாத அனுபவம்

கப்பலூர் சிட்கோ பக்கம், புளியும் மிளகாய் வற்றலும் வைக்கும் அமோனியாவால் குளிரூட்டும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மின்பராமரிப்பு என் பொறுப்பு. ஆறு சென்சார்கள், ஒரு பேனல், ஒரு சைரன் என இந்தக் கருவியைப் பொருத்திப் பதினான்கு மாதம் ஆகிறது. ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். அந்த இரண்டரையும் சென்சாருக்குத்தான்.

எதிர்சேவை அன்றிரவு பாதிப் பேர் விடுப்பு. எங்கள் மூத்த ஆப்பரேட்டர் வந்து, "தம்பி, கம்ப்ரசர் அறையில் வாடை அடிக்கிறது. உங்கள் பெட்டி ஏன் பூஜ்யம் காட்டுகிறது?" என்றார். அவரே கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் நெடுகக் காட்டினார். அமோனியா பட்டால் அந்தப் புகை வெள்ளையாகத் திரளும். ஒரு வால்வு கிளாண்டில், அதாவது வால்வுத் தண்டைச் சுற்றிய அடைப்பில், வெள்ளைப் புகை எழுந்தது. முடுக்கியதும் நின்றது. எட்டு மணி நேர வேலைக்கு அமோனியாவின் வரம்பு 25 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு. 300 பிபிஎம் உயிருக்கே ஆபத்து. பேனலோ அமைதியாக 0 என்றது.

மறுநாள் பதிவைப் பார்த்தேன். உயிருள்ள சென்சார் 0, 1, 0 என்று லேசாக ஆடும். ஐந்தாம் எண் இரண்டு நாட்களாக அசையவே இல்லை. தொடர்பு அறுந்துபோயிருந்தது, பேனல் கடைசியாகக் கேட்ட எண்ணையே பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். சென்சார் பழுது, மாற்றுங்கள் என்றார்கள். 22 ஆயிரம் ரூபாய். புதியது தொழிற்சாலையில் வைத்த 1 என்ற முகவரியோடே வந்தது. பேனல் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும், அந்த எண்ணுக்குரியது மட்டும் பதில் சொல்லும். பேனலும் சென்சாரும் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறை வேலை செய்யும் விதம் அதுதான். ஒரே பெயரில் இருவர் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அதுவரை நன்றாக இருந்த முதல் எண்ணும் போயிற்று. முகவரியை மாற்றியபின் பழைய நோய் அப்படியே திரும்பியது. ஆக, சென்சார் குற்றமற்றது, பணம்தான் போனது.

அதன்பிறகு யாரையும் கேட்காமல் மல்டிமீட்டரை எடுத்தேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எல்லா சென்சாருக்கும் பொதுவாக ஓடி அந்தப் பேச்சைச் சுமக்கும் ஆர்எஸ்-485 கம்பிகள் இரண்டுக்கும் இடையே ஓம் அளந்தேன். இரு முனைகளில் மட்டும் 120 ஓம் மின்தடை இருந்தால் 60 காட்ட வேண்டும். எனக்கு 40 வந்தது. எங்கோ மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். நான்காம் சென்சாரின் மூடியைத் திறந்தால், நடுவில் இருக்கும் அதன் முனைச் சுவிட்சையும் (120 ஓமை இணைப்பது) போட்டே வைத்திருந்தார்கள், பொருத்த வந்த புண்ணியவான்கள். அணைத்ததும் 60.

பாதி குணமாயிற்று. கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது மட்டும் ஐந்தும் ஆறும் இன்னும் தவறின. கேபிள் போகும் டிரேயில் பார்த்தால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், மின் இரைச்சல் கிளப்பும் விஎஃப்டி டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் இந்தச் சின்னக் கம்பியும் அறுபது மீட்டர் ஒட்டி உரசிப் படுத்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்துத் தனி டிரேக்கு மாற்றினேன். கேபிளின் உறையை இரு முனையிலும் எர்த்தில் கட்டியிருந்ததை, பேனல் பக்கம் மட்டும் வைத்து மறுபக்கம் அவிழ்த்தேன். அன்றிலிருந்து ஒரு தவறும் இல்லை.

வயரிங் பிழையை மன்னிக்கலாம். தொடர்பு அறுந்தால் சைரன் அடிக்க வேண்டுமா என்ற அமைப்பை, மெனுவில் நான்கு படி உள்ளே ஒளித்து, 'வேண்டாம்' என்று வைத்து அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கையேட்டில் அதற்கு ஒரே ஒரு வரி. ஒவ்வொரு சென்சாரும் தனிக் கம்பியில் தன் அளவை மின்னோட்டமாக அனுப்பும் பழைய 4–20 மில்லி ஆம்பியர் முறையில் கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யத்துக்கு விழும். வாயு இல்லாதபோதுகூட 4 இருக்க வேண்டும் என்பதால் பேனலுக்கு உடனே தெரிந்துவிடும். ஆறே சென்சாருக்கு அதையே வாங்கியிருக்கலாம். கம்பி மிச்சமாகும் என்ற விற்பனையாளரின் பேச்சில் விழுந்தது நான்தான்.

சென்சார் நல்லது, மறுக்கவில்லை. சோதனை வாயு காட்டினால் சட்டென ஏறுகிறது, நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கும் பிசகவில்லை. வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் பொருத்துபவரின் கண்ணெதிரே ஒரு சென்சார் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். நான் இப்போது திங்கள்தோறும் பிடுங்குகிறேன். பதினோரு விநாடியில் சைரன் அடிக்கிறது. ஆப்பரேட்டர் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டுகிறார். கந்தகத் திரியை மட்டும் அவர் இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை.

நான்காம் சென்சாரின் மூடி அன்று திறந்ததிலிருந்து சரியாக உட்காரவில்லை. புதிய ரப்பர் வளையம் கேட்டு ஐந்து வாரம் ஆகிறது.