28 நாளா, 56 நாளா, இல்ல வருஷத்துக்கே ஒரே சீட்டா? இங்கிலாந்துல ரிப்பீட் மாத்திரைக் கணக்கு

இங்கிலாந்துல பிரஷருக்கோ கொலஸ்ட்ராலுக்கோ தினமும் மாத்திரை போடுற யார்கிட்ட பேசினாலும் ஒரே புலம்பல்தான், "இப்பதானே வாங்கிட்டு வந்தேன், அதுக்குள்ள தீந்துடுச்சா?". எல்லாம் இந்த 28 நாள் கணக்கால வர்றது, ரிப்பீட்ல, அதாவது தொடர்ந்து வாங்குற மாத்திரையில, பல இடத்துல ஒரு தடவைக்கு 28 நாளைக்குத்தான் தர்றாங்க. சாதாரண மாத்திரையை 28 நாளைக்குத்தான் எழுதணும்னு சட்டம் எதுவும் இல்லங்க, எத்தனை நாளைக்கு எழுதுறதுங்கறது ஜிபி (குடும்ப டாக்டர்) முடிவு பண்றது. ஆனா பல ஏரியாவுல என்.ஹெச்.எஸ் (அரசு மருத்துவ சேவை) நிர்வாகம் 28 போதும்னு வழிகாட்டி வச்சிருக்கும், சர்ஜரியும் (ஜிபியோட கிளினிக்) அதையே பிடிச்சுக்கும். அதனாலதான் ஒரே மாத்திரைக்கு உங்களுக்கு ஒரு மாசம், ரெண்டு தெரு தள்ளி வேற சர்ஜரியில இருக்கறவருக்கு ரெண்டு மாசம்.

முதல்ல 28 பக்க நியாயத்தைப் பாப்போம், நியாயம் இல்லாம இல்ல. உதாரணத்துக்கு பிரஷருக்குப் புதுசா அம்லோடிபின் ஆரம்பிக்கறாங்க, கொஞ்ச நாள்ல கணுக்கால் வீங்குது, டாக்டர் வேற மாத்திரைக்கு மாத்திடுறார். மூணு மாசத்துக்குக் கொடுத்திருந்தா மிச்சம் அத்தனையும் குப்பைதான், ஏன்னா ஃபார்மசி வாசலைத் தாண்டின மாத்திரையை அட்டையே பிரிக்காம திருப்பிக் கொடுத்தாலும் வேற பேஷண்ட்டுக்குக் கொடுக்க மாட்டாங்க, அழிச்சிடுவாங்க. 2010-ல வந்த ஒரு ஆய்வறிக்கை இங்கிலாந்துல இப்படி வீணாகுற மருந்து வருஷத்துக்கு 30 கோடி பவுண்டுன்னு சொல்லுச்சு, 28 நாள் ஆதரவாளர்களுக்கு இன்னிக்கு வரைக்கும் அதுதான் துருப்புச்சீட்டு. ஆனா அதே அறிக்கை அதுல பாதியைத்தான் தவிர்க்க முடியும்னும் சொல்லுச்சு, அதை மட்டும் யாரும் சொல்றதில்ல.

சரி, இப்ப காசு. இங்கதான் எனக்குக் கடுப்பு. கட்டணம் வாங்குறது எத்தனை மாத்திரைன்னு பார்த்து இல்ல, ஐட்டத்துக்கு, அதாவது சீட்டுல இருக்கற ஒவ்வொரு மருந்துக்கும், இவ்வளவுன்னு. 2024 மே மாசத்துலேர்ந்து ஒரு ஐட்டத்துக்கு 9.90 பவுண்டு, டப்பாவுல 28 இருந்தாலும் அதேதான், 84 இருந்தாலும் அதேதான். ஒரே ஒரு மாத்திரை போடுறவருக்கு 28 நாள் கணக்குல வருஷத்துக்கு 13 தடவை, அதாவது 128.70 பவுண்டு. 56 நாள்னா கிட்டத்தட்ட 65, 84 நாள்னா 43 சொச்சம். மருந்து அதே மருந்து, டோஸும் அதே டோஸ்! 60 வயசு தாண்டினவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல, எல்லாம் ஃப்ரீ. சுகருக்கு மாத்திரை போடுறவங்களும், தைராய்டு குறைவா இருந்து தைராக்ஸின் எடுக்கறவங்களும் விலக்கு சர்டிபிகேட் வாங்கிட்டா எல்லா ஐட்டமும் ஃப்ரீ, அந்தப் படிவத்தை ஜிபிகிட்ட கேட்டு வாங்குங்க, தெரியாமலே வருஷக்கணக்கா காசு கட்டுறவங்க இருக்காங்க. பிரஷரும் ஆஸ்துமாவும் அந்த லிஸ்ட்லயே இல்ல. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்துல யாருக்குமே கட்டணம் கிடையாது, அவங்க இந்தப் பாராவைத் தாண்டிப் போயிடலாம்.

கட்டணம் கட்டுறவரா இருந்து சர்ஜரி 28-ஐ விட்டு நகர மாட்டேன்னு சொன்னா முன்பணச் சர்டிபிகேட் வாங்கிடுங்க, வருஷத்துக்கு 114.50, பத்து தவணையா கட்டலாம், எத்தனை ஐட்டம் வாங்கினாலும் அவ்வளவுதான். மேல போட்ட கணக்கைப் பாருங்க, ஒரே மாத்திரைக்கே இது லாபம். 56 நாள்னா ரெண்டு மாத்திரை இருந்தாத்தான் லாபம்.

அடுத்து 56, 84 நாள். வருஷக்கணக்கா டோஸ் மாறாம ஓடுறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். காசு மட்டும் இல்ல, ஒவ்வொரு மாசமும் ஆர்டர் போட்டு, சர்ஜரியில கையெழுத்தாகி, ஃபார்மசியில ரெடியாகி, நடுவுல ஒரு பேங்க் ஹாலிடே வந்து மாட்டி, இந்த ஓட்டத்துல ரெண்டு நாள் மாத்திரை விட்டுப்போறது சகஜம். 2018-ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஜெனரல் பிராக்டிஸ்ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பும் நீண்ட நாளைக்கு எழுதிக் கொடுத்தா ஜனங்க மாத்திரையை ஒழுங்கா எடுக்கறாங்கன்னுதான் சொல்லுது, ஆதாரம் ரொம்ப வலுவானது இல்லன்னும் அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் இந்த அட்டை சமாச்சாரம். ஒரு மாத்திரை 28 அட்டையில திங்கள் செவ்வாய்னு கிழமை அச்சடிச்சு வருது, இன்னொண்ணு 30 டப்பாவுல வருது, ஃபார்மசிக்காரர் கத்திரி எடுத்து ஓரத்துல ரெண்டு மாத்திரையை வெட்டிட்டு 28 ஆக்கித் தர்றார். போதாக்குறைக்கு கம்பெனி மாறும்போதெல்லாம் டப்பா கலரும் மாறும், வயசானவங்க "இது என் மாத்திரையே இல்ல"ன்னு ஓரமா வச்சிடுவாங்க.

ஃபார்மசிக்கு மட்டும் இதுல நஷ்டம், அவங்களுக்கும் ஐட்டத்துக்கு இவ்வளவுன்னுதான் வருமானம். ஆஸ்திரேலியாவுல 2023 செப்டம்பர் 1-லேர்ந்து பல மாத்திரைகளை 30-க்குப் பதிலா 60 நாளைக்குத் தரலாம்னு அரசாங்கம் மாத்தினப்போ ஃபார்மசிக்காரங்க சங்கம் குதிச்ச குதி கொஞ்சமில்ல. தட்டுப்பாடு வரும், கடைகளை மூட வேண்டியிருக்கும்னாங்க. அரசாங்கம் பின்வாங்கல, 2024 செப்டம்பர் வரைக்கும் மூணு கட்டமா கொண்டுவந்துட்டாங்க. தட்டுப்பாடுங்கற வாதத்தை நான் முழுசா தள்ள மாட்டேன், 2022-ல இங்கயே ஹெச்.ஆர்.டி மருந்து (மாதவிடாய் நிக்கற வயசுல எடுக்கற ஹார்மோன்) கிடைக்காம சில பிராண்டுகளுக்கு ஒருத்தருக்கு மூணு மாசத்துக்கு மேல தரக்கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டாங்க.

மூணாவது வழி நிறைய பேருக்குத் தெரியாது, எலக்ட்ரானிக் ரிப்பீட் டிஸ்பென்சிங். ஜிபி ஒரே தடவையில 12 மாசம் வரைக்கும் அனுமதி கொடுத்துடுவார், நாள் வந்ததும் நேரா ஃபார்மசிக்குப் போய் வாங்கிக்கலாம், ஒவ்வொரு தடவையும் ஆர்டர் போட வேண்டாம். கோவிட் நேரத்துல எல்லாரும் மூணு மாசத்துக்கு மாத்திரை கேட்டப்போ என்.ஹெச்.எஸ் நாள் கணக்கை நீட்டாதீங்க, இதுக்கு மாத்துங்கன்னுதான் சொல்லுச்சு. ஆனா ஒரு விஷயம் கவனிங்க, 28 நாளுக்கு ஒரு தடவைன்னு போட்டா ஒவ்வொரு தடவையும் 9.90 கட்டணும், ஃபார்மசி நடையும் குறையாது. அதனால கேக்கும்போதே 56 நாள் இடைவெளியில கேளுங்க, ரெண்டுலயும் உள்ள நல்லது சேர்ந்து கிடைக்கும். நடுவுல டோஸ் மாறினா பழைய அனுமதியை ரத்து பண்ணாங்களான்னும் கேட்டுக்கங்க.

இதெல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது. கண்ட்ரோல்டு மருந்துகளை (தப்பா பயன்படுத்த வாய்ப்பு இருக்கறதால சட்டம் கட்டுப்படுத்துற மருந்துகள்) 30 நாளைக்கு மேல எழுதக்கூடாதுன்னு கண்டிப்பான பரிந்துரை இருக்கு, 2019 ஏப்ரல்லேர்ந்து நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கற காபாபென்டினும் ப்ரீகாபலினும் அந்த லிஸ்ட்ல வந்துடுச்சு, ரெண்டுக்கும் அந்த 12 மாச வழியும் கிடையாது. மனசு சரியில்லாதவங்க வீட்டுல மருந்து குவிஞ்சு கிடக்கறது ஆபத்து, அங்க ஒரு வாரத்துக்குன்னு கொடுக்கறதே சரி, அதுல நான் வாதாட மாட்டேன். 1998-ல பாராசிட்டமால் பாக்கெட்டைச் சின்னதாக்கினப்புறம் அதை அளவுக்கு மீறிப் போட்டு வர்ற சாவு குறைஞ்சதுன்னு ஆய்வுகளே காட்டுது.

ஊருக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஆறு வாரம் போறீங்கன்னா 28 பத்தாது, டிக்கெட் போட்டதுமே சர்ஜரிக்குச் சொல்லிடுங்க, கடைசி வாரத்துல கேட்டா இழுத்தடிப்பாங்க. மூணு மாசத்துக்குள்ள திரும்பி வர்றதா இருந்தா அதுவரைக்கும் பெரும்பாலும் தருவாங்க. அதுக்கு மேல தங்கப் போறீங்கன்னா என்.ஹெச்.எஸ் கணக்குல அங்க போய் டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் தாங்குற அளவுதான் கிடைக்கும், மீதியை அங்கதான் வாங்கணும், அதுக்கு ரிப்பீட் லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டோட வச்சுக்கங்க.