ஜெர்சி நாற்றம்: வினிகரா, ஆப்பசோடாவா, ஆக்சிஜன் பவுடரா?

இஸ்திரிப் பெட்டிதான் காட்டிக் கொடுத்தது. கொடியிலிருந்து எடுத்தபோது மகனின் பேட்மிண்டன் ஜெர்சியில் சாஃப்டனரின் ரோஜா மணம் மட்டும்தான் இருந்தது. அக்குள் பக்கம் லேசாகச் சூடு பட்டதும் வெங்காய வாடை குப்பென்று வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தார். அதனால் முதலில் சந்தேகப்படவில்லை. அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஏம்மா, இதத் துவைச்சியா, இல்ல செண்டு அடிச்சு மடிச்சு வச்சியா?"

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பால்கனி என்று சொல்லப்படும் இடத்தில் காலையில் ஒரு மணி நேரம் வெயில் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். மகன் வாரம் மூன்று இரவு ஆடப் போவான். கணவர் லாரி ஓட்டுகிறார். இரண்டு பேர் துணியும் ஒரே கூடையில் விழும். அம்மா அப்படிக் கேட்ட பிறகு இரண்டு மாதம் ஒவ்வொரு முறையாகச் செய்து பார்த்தேன். ஒரே மாதிரி ஜெர்சி மூன்று இருந்தது நல்லதாகப் போயிற்று. பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஒன்றே: காய்ந்த பிறகு அக்குளில் இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, உடனே மோந்து பார்ப்பது. காய்ந்த துணியை அப்படியே மோந்தால் எல்லா முறையும் வெற்றி பெற்றுவிடும்.

வியர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது. அக்குள் வியர்வையில் இருக்கும் பொருள்களைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் நாறுகிறது. அப்போது உண்டாகும் சிலவற்றில் கந்தகம் இருக்கிறது. வெங்காய வாடை அதனால்தான். கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தால் புளித்த நாற்றம் வரும். இந்தப் பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயோடு ஒட்டுவதை விரும்பும். பாலியஸ்டரும் அதே ஜாதி: தண்ணீரைக் குடிக்காது, எண்ணெயை விடாது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து அவர்கள் சட்டைகளை ஆராய்ந்தார்கள். 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வில் பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அந்த இழைகளில் நன்றாகப் பெருகியிருந்தது. எங்கள் வீட்டு அனுபவமும் அதுதான். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படி ஏறி இறங்கிய பருத்தி வேட்டி ஒரே துவைப்பில் சரியாகிவிடும். அரை மணி நேரம் ஆடிய ஜெர்சி ஆகாது.

முதலில் வேலைக்கு ஆகாதவற்றை ஒதுக்கிவிடலாம். சாஃப்டனர் இழையின் மேல் ஒரு வழுவழுப்பான பூச்சாகப் படிகிறது. துணி மெத்தென்று இருப்பதும் அதனால்தான், அடியில் இருக்கும் எண்ணெய் அடுத்த துவைப்பிலும் வெளியே வராமல் போவதும் அதனால்தான். நான் நாற்றத்துக்காக அதைக் கூடக்கூட ஊற்றி, நாற்றத்தைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சோப்புத்தூளைக் கூடுதலாகப் போடுவதும் இதே கதை. கோலாலம்பூர்க் குழாய்த் தண்ணீரில் நுரை எளிதாக வரும், அலசலில் சரியாகப் போகாத சோப்பு துணியிலேயே தங்கும். ஜெர்சியைப் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்கிறார்களே, அதில் பாக்டீரியா பெரும்பாலும் தூங்கத்தான் செய்யும். மீன் வைக்க இடமில்லை என்று அம்மா இரண்டாம் நாளே எடுத்து வெளியே போட்டுவிட்டார்.

இனி போட்டிக்கு வருவோம். வினிகரும் ஆப்பசோடாவும் சமையலறையிலேயே கிடைப்பதால் எல்லோரும் முதலில் கைவைப்பது இவற்றில்தான். வினிகரை இங்கே மளிகைக் கடையில் மலாயில் சுக்கா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். துணிக்கு நிறமில்லாத மலிவான செயற்கை வினிகர் போதும். ஆப்பிள் வினிகரை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கோப்பை ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்தேன். கணவரின் பருத்தி டீ-சட்டைகளில் நல்ல பலன். தேங்கியிருந்த சோப்பும் சாஃப்டனர் படிவும் கொஞ்சம் கழன்று, துணி இளகியது. காய்ந்ததும் வினிகர் வாடை தானே போய்விட்டது. ஆனால் ஜெர்சி? இஸ்திரிப் பெட்டி வைத்ததும் பழைய வெங்காயமும் புளிப்பும் திரும்பி வந்தன. யோசித்தால் காரணம் புரிகிறது. புளித்த நாற்றத்துக்குக் காரணமே அமிலங்கள். அமிலத்தை அமிலம் என்ன செய்யும்?

ஆப்பசோடா அந்த இடத்தில் கொஞ்சம் தேவலை. அது லேசான காரம் என்பதால் கொழுப்பு அமிலங்களை மட்டுப்படுத்துகிறது. இரண்டு கரண்டி சோடாவைத் தண்ணீரில் குழைத்து அக்குளில் தடவி ஒரு மணி நேரம் விட்டபோது வாடை பாதியாகக் குறைந்தது. ஆனால் எண்ணெயை இழையிலிருந்து பிடுங்கும் பலம் அதற்கு இல்லை. இரண்டு ஆட்டத்தில் பழையபடி ஆகிவிட்டது. புதிதாக வாங்கிய ஜெர்சிக்குப் போதும், நாறிப்போனதற்குப் போதாது.

இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரட்டைப் பலன் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நானும் கலந்தேன். எரிமலை மாதிரி நுரைத்தது, மகன் ஓடி வந்து படம் எடுத்தான். ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட பிறகு வாளியில் மிஞ்சியது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். இரண்டையும் பயன்படுத்த ஆசை என்றால் முதலில் சோடா, நன்றாக அலசிய பிறகு வினிகர்.

அடுத்தது ஆக்சிஜன் பவுடர். பெட்டியில் என்ன அழகான பெயர் போட்டிருந்தாலும் பின்பக்கம் சோடியம் பெர்கார்பனேட் என்று இருக்கிறதா பாருங்கள். தண்ணீரில் கரைந்ததும் இது இரண்டாகப் பிரியும்: ஒன்று சலவைச் சோடா, மற்றது ஹைட்ரஜன் பெராக்சைடு. சோடா எண்ணெயைக் கழற்றும், பெராக்சைடு நாற்றப் பொருள்களையும் கிருமிகளையும் சிதைக்கும்.

முதல் முறை இதுவும் தோற்றது, தவறு என்னுடையது. குழாய்த் தண்ணீரில் கரைத்துவிட்டேன். அந்தச் சூட்டில் இந்தப் பவுடர் சோம்பேறியாகத்தான் வேலை செய்யும். நம் ஊர் மேல்மூடி வாஷிங் மெஷின்கள் பெரும்பாலும் தண்ணீரைச் சுட வைப்பதில்லை, அதனால் மெஷினில் நேரடியாகப் போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது. இரண்டாம் முறை 1.7 லிட்டர் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிளாஸ்டிக் வாளியில் 3 லிட்டர் குழாய்த் தண்ணீரோடு கலந்தேன். 50 டிகிரியை ஒட்டி வரும். விரலை விட்டால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு. இரண்டு மேசைக்கரண்டி பவுடர். ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி அமுக்கினேன்.

பத்து நிமிடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் அக்குள் தையலை ஒட்டி வரிசை கட்டி நின்றன. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பேறியது, வெளுப்பாகக் காய்ச்சிய தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீரின் நிறம். வாரம் மூன்று முறை துவைத்த சட்டை அது! நாலு மணி நேரம் கழித்துப் பிழிந்து, மெஷினில் வழக்கம்போல் துவைத்து, உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். துணி சூடான வாடை மட்டும்தான்.

அம்மா வாளியை எட்டிப்பார்த்துவிட்டுச் சிரித்தார். ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டப் போட்டுக்கொண்ட சட்டைகளைச் சோடா உப்புப் போட்டு மண்ணெண்ணெய் டின்னில் அவித்த கதையை எடுத்துவிட்டார். ஊர்ப்பக்கம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்ததும் இதே கணக்குதான்: காரம், சூடு, நேரம். என் பவுடரில் பெராக்சைடு கூடுதல், அம்மாவின் டின்னில் கொதிநிலை கூடுதல். ஆனால் அவர் அவித்தது பருத்தி. பாலியஸ்டரைக் கொதிக்க வைத்தால் எழுத்தெல்லாம் உரியலாம், சட்டை சுருங்கலாம்.

பட்டு, கம்பளி இரண்டுக்கும் இந்தப் பவுடர் ஆகாது. அடர்நிறத் துணியில் ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். கரைத்ததை மூடிய பாட்டிலில் எடுத்து வைக்கவும் கூடாது. வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.

என்சைம் உள்ள சலவைத் திரவம் இதற்கு நேர் போட்டி. வியர்வையின் புரதத்தையும் கொழுப்பையும் துண்டு துண்டாக வெட்டுவது அதன் வேலை. கொதிநீர் தேவையில்லை, வெதுவெதுப்பு போதும், ஆனால் நேரம் வேண்டும். மெஷினில் 40 நிமிடம் சுற்றவிட்டு எடுத்தபோது சுமார்தான். இரவு முழுக்க வாளியில் ஊறியபோது பவுடருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கெட்டில் தூக்கப் பயப்படுகிறவர்களுக்கும், நிறம் போகுமோ என்று கவலைப்படும் விலை கூடிய ஜெர்சிக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

குளோரின் பிளீச்சை இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு அதை ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு; வியர்வையோடு சேர்ந்து அக்குளை இன்னும் மஞ்சளாக்கும், இழுபடும் துணியின் ரப்பர்த் தன்மையைக் கொல்லும். அதை வினிகரோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். வெளிவருவது குளோரின் வாயு. சின்னக் குளியலறையில் விளையாட்டுக் காரியமில்லை.

உலர்த்துவதில் வெயிலா, காசு போட்டு மெஷினில் துவைத்து உலர்த்தும் டோபிக்கடையா? வெயில் கிடைத்தால் வெயில்தான், அதுவும் துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டு. ஆனால் கோலாலம்பூரில் மூன்று மணிக்குக் கறுத்து நாலு மணிக்குக் கொட்டும் வானத்தை நம்பி எத்தனை நாள்? அதோடு ஈரத்திலேயே கிடந்த துணிக்கு வேறொரு நாற்றம் உண்டு, நனைந்த கரித்துணி வாடை. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு மொராக்செல்லா என்ற வேறு பாக்டீரியாவைக் கைகாட்டினார்கள். நாம் பாதி நேரம் வியர்வை நாற்றம் என்று திட்டுவது இதைத்தான். இதற்குச் சீக்கிரம் உலர்த்துவதே வைத்தியம், டோபியின் சூடான டிரையர் கைகொடுக்கும். எங்கள் தெரு டோபியில் 5 வெள்ளி (ரிங்கிட்). வியர்வை நாற்றம் போகாத ஜெர்சியை மட்டும் அதில் போடாதீர்கள், சூட்டில் எண்ணெய் இன்னும் இறுகும். பல டோபிகளில் மெஷினே சாஃப்டனரையும் சேர்த்து ஊற்றிவிடும் என்பதால், துவைப்பது வீட்டில், உலர்த்துவது மட்டும் அங்கே என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் கணவரின் பருத்திக்குக் கடைசி அலசலில் வினிகர். ஜெர்சிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஆக்சிஜன் பவுடர். ஒரு கிலோ 14 வெள்ளிக்கு வாங்கியது இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. சாஃப்டனர் போத்தல் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது.

மூன்று ஜெர்சியும் தேறிய அன்று அம்மாவிடம் நீட்டினேன். மோந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கதவோரம் கிடந்த பேட்மிண்டன் பையைக் காலால் தள்ளி, "இத என்ன செய்யப் போற?" என்றார். அதை இன்னும் தொடவில்லை. ஈர ஜெர்சியை அதற்குள் திணித்துவிட்டுத் தூங்கப் போகாதே என்று மட்டும் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.