சிப்பியா, ஓலையா, வலைநூலா: நண்பர்களுக்கு எதைச் செய்து கொடுக்கலாம்?

ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் வெளியூர் நண்பருக்குக் கையால் ஏதாவது செய்து கொடுக்க நினைத்தால், முதலில் கை போவது சிப்பிப் பக்கம்தான். கரையில் சும்மா கிடக்கிறது, காசு கிடையாது, பார்த்தவுடன் கடலோரத்துப் பொருள் என்று தெரிந்துவிடும். ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் பெயர் எழுதிய சங்கும், சோழி ஒட்டிய கண்ணாடிச் சட்டமும் பார்த்துப் பழகிய கண் வேறு. ஆனால் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே நடந்தால் பனை நிற்கிறது. மறுபக்கம் திரும்பினால் வலை காய்கிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பரிசு என்ற கணக்கில் சிப்பி கடைசி இடத்துக்குத்தான் வரும் என்பது என் கட்சி. ஓலைக்குத்தான் முதலிடம்.

சிப்பியைப் பின்னுக்குத் தள்ள முதல் காரணம் சட்டம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரம் பக்கமிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் அதில் அடக்கம். வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் இறங்கவே கூடாது, பொறுக்குவது அப்புறம். கரையில் நடக்கும்போதும் கண்ணில் பட்டதையெல்லாம் பையில் போட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001-இல் பவளப்பாறை வகைகள், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றோடு சில சங்கு, சோழி வகைகளும் சேர்ந்தன. ஐவிரல் சங்கில் பல வகைகள் அதில் உண்டு. செத்து ஒதுங்கிய பவளத் துண்டுதானே என்று எடுத்துக் கொடுத்தால், விமான நிலையத்தில் பதில் சொல்லப்போவது உங்கள் நண்பர்தான்.

சரி, இரண்டு ஓடு சேர்ந்த சாதாரணக் கிளிஞ்சல் இருக்கிறதே, சுண்ணாம்புக் காளவாசலுக்கு மூட்டை மூட்டையாகப் போகும் வகை, அதை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே உயிர் இல்லை, சின்ன நண்டு குடியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டால் போதும். வாடைக்காலத்தில் வடகடல் (பாக் விரிகுடாப் பக்கம்) கொந்தளித்து அடங்கியதும் தேவிபட்டினம், தொண்டிப் பக்கக் கரைகளில் நிறைய ஒதுங்கும். ஆனால் எளிது என்று நினைக்கும் இந்த வேலை இங்கிருந்துதான் கடினமாகிறது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைக்க வேண்டும். அவசரத்தில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் அழுக்கோடு மினுமினுப்பும் போய்விடும். சிப்பி என்பதே கால்சியம் கார்பனேட், புளிப்பு பட்டால் கரையும். இடுக்கில் தசை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும், அட்டைப்பெட்டியைத் திறக்கும்போது பரிசுக்கு முன்னால் வாடைதான் வந்து நிற்கும்.

துளை போடுவது இன்னொரு தலைவலி. மின்சாரத் துளைப்பானை வைத்தால் பாதிச் சிப்பி விரிசல் விட்டுவிடும். சிப்பியின் முதுகு மேட்டைச் சொரசொரப்பான கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் மெதுவாக ஓட்டை விழும். தண்ணீர் கட்டாயம், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. இதைவிட நல்ல வழி ஒன்றைக் கடலே செய்து வைத்திருக்கிறது. கரையில் குனிந்து பார்த்தால் மூட்டுக்குப் பக்கத்தில் அச்சுப்போட்ட மாதிரி வட்டத் துளையோடு சில கிளிஞ்சல்கள் கிடக்கும். ஊன் தின்னும் ஒருவகைக் கடல் நத்தை சிப்பியைத் துளைத்து உள்ளே இருக்கும் சதையை உறிஞ்சியதன் தடம் அது. நூலைக் கோத்தால் கழுத்தணி தயார். சிப்பியில் நான் சிபாரிசு செய்வது இது ஒன்றைத்தான். இந்தத் துளைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, எடையும் இல்லை. கண்ணாடிச் சட்டம், பேனா நிறுத்தி எல்லாம் பசையை நம்பிய பொருட்கள். சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டியது சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் இளகும். இரண்டு டியூப்பைக் கலந்து ஒட்டும் எபாக்சிப் பசை தாங்கும், ஆனால் சிப்பியில் உப்பு ஒட்டியிருந்தால் அதுவும் பெயர்ந்து வரும்.

இப்போது ஓலை. சாயல்குடி, கடலாடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பனை இல்லாத திசை கிடையாது. தமிழ்நாட்டின் மாநில மரம் வேறு. பதனீர் இறக்கும் காலத்தில் பனையேறும் அண்ணனிடம் சொல்லி வைத்தால் குருத்தோலை கிடைக்கும். நீங்களாக ஏறவும் வேண்டாம், கண்டபடி வெட்டவும் வேண்டாம். பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்தை எடுத்தால் மரம் நொந்துபோகும்.

ஓலையின் பெரிய பலம், அதில் யாருக்கும் ஒரு படி இருக்கிறது என்பது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் காற்றாடி: இரண்டு ஓலைத் துண்டு, ஒரு முள், ஒரு குச்சி. முள்ளுக்குச் சீமைக்கருவேலம் இருக்கிறது, இந்த மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? அடுத்த படி கிலுகிலுப்பை. உள்ளே நாலு குன்றிமணி அளவுக் கூழாங்கல் போட்டு மூடினால் சத்தம் வரும். கைக்குழந்தை வாயில் வைக்கும் என்பதால் சாயம் போடாத வெள்ளை ஓலையில்தான் செய்ய வேண்டும், பின்னல் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். குன்றிமணியையே உள்ளே போடுகிறவர்கள் உண்டு. அது கொடிய விஷம், தயவுசெய்து வேண்டாம்.

மூன்றாவது படிதான் கொட்டான், அதாவது ஓலையில் முடைந்த சின்னக் கூடை. பரிசு என்று வரும்போது இதற்கு இணை இல்லை. குருத்தோலையை மிதமான வெயிலில் போட்டால் இரண்டு மூன்று நாளில் பச்சை போய் வெளுத்துவிடும். ஈர்க்கை நீக்கி ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரே மாதிரி கிழித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கிழிப்பில் காட்டும் பொறுமைதான் கொட்டானின் அழகு. அகலம் மாறினால் எவ்வளவு நன்றாக முடைந்தாலும் வாய் கோணும். சாயம் வேண்டுமானால் கொதிக்கும் தண்ணீரில் சாயப்பொடி போட்டு ஓலையை முக்கி எடுக்கலாம். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூளே போதும், ஆனால் வெயிலில் வைத்தால் சீக்கிரம் வெளுக்கும். முடையும் முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மடக்கும்போது ஓலை முறியாது. எட்டுக்கு எட்டு என்று ஓலையைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பின்னினால் உள்ளங்கை அளவு அடி வரும். நான்கு மூலையையும் திருப்பிச் சுவரை எழுப்பி, நுனிகளை உள்ளே செருகினால் முடிந்தது. சொல்ல எளிதுதான், மூலை திருப்புவது எழுத்தில் படித்து வராது. முடையத் தெரிந்த ஒரு ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக் காட்டினால்தான் வரும்.

வெறும் கொட்டானாகக் கொடுப்பதைவிட உள்ளே ஏதாவது வைத்துக் கொடுப்பது இந்தப் பக்கத்து முறை. சில்லுக் கருப்பட்டி, பனங்கற்கண்டு என்றால் எந்தக் கவலையும் இல்லை. கீழக்கரைத் தொதல் (தேங்காய்ப்பால் அல்வா) என்றால் ஓலைக்குமேல் வெண்ணெய்த்தாள் விரித்துவிடுங்கள், தேங்காய் எண்ணெய் கசிந்து ஓலை கறைபடும். கருவாட்டை மட்டும் இந்த யோசனையிலிருந்து விட்டுவிடலாம். தின்றது தீர்ந்த பிறகும் கொட்டான் இருக்கிறது, அதில் சாவி போடுவார்கள், ஊசி நூல் போடுவார்கள், பூ வைப்பார்கள். சிப்பிச் சட்டம் ஷோகேசில் தூசி படிந்து நிற்கும். என் தீர்ப்பு ஓலைப் பக்கம் சாய முக்கியக் காரணம் இதுதான்: வாங்கியவர் தினமும் அதைத் தொடுவார்.

குறை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அடிக்கடி வெயில் காட்டச் சொல்லியே கொடுக்க வேண்டும். சென்னை அடுக்குமாடி வீட்டில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்டால், ஜன்னலோரம் வைத்தாலும் போதும்.

முடைய நேரமே இல்லாதவர்களுக்கு ஓலையில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. முற்றிய ஓலையைத் தண்ணீரில் வேகவைத்து நிழலில் உலர்த்தி, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஜியாமெட்ரிப் பெட்டியின் கவராய முனையால் நண்பர் பெயரைக் கீறுங்கள். கீறியபோது எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து மேலே தேய்த்துத் துணியால் துடைத்தால், கீறலில் மட்டும் கரி தங்கி எழுத்து கறுப்பாக எழும். ஏடு எழுதியவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். புத்தகத்தில் அடையாளம் வைக்க இதைவிட நல்ல பொருள் என்ன இருக்கிறது? கடித உறையில் போட்டே அனுப்பலாம்.

வலைநூல் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். பரிசு என்று பார்த்தால் ஓலைக்கு அடுத்ததுதான். நண்பர்கள் கூட்டமாக உட்கார்ந்து செய்ய வேண்டும் என்றால் இதுவே முதல். பாம்பனிலோ மண்டபத்திலோ வலை பழுது பார்க்கும் இடத்தில் கேட்டால் வெட்டிப் போட்ட துண்டுகளைச் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். "எதுக்குத் தம்பி?" என்ற கேள்வி நிச்சயம். நைலான் முறுக்கு நூலை எடுங்கள். தங்கூசி நரம்பு (முறுக்காத ஒற்றை இழை) வேண்டாம், வழுக்கும், முடிச்சு நிற்காது, கையை அறுக்கும். வெயிலில் பலகாலம் கிடந்த நூல் நொறுங்கும். இழுத்துப் பார்த்து எடுக்க வேண்டும். கொண்டுவந்ததும் ஓர் இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்துச் சோப்புப் போட்டு அலசினால் உப்பு போய் நூல் மெத்தென்று ஆகும்.

கைக்கயிறு செய்ய ஒரே ஒரு முடிச்சு தெரிந்தால் போதும். நடுவில் இரண்டு இழை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இழை. பக்க இழைகளை ஒருமுறை இடமிருந்தும் அடுத்தமுறை வலமிருந்தும் மாற்றி மாற்றிக் கட்டினால் தட்டையான பட்டை வரும். மாற்ற மறந்து ஒரே பக்கமாகக் கட்டினால் திருகிக்கொண்டு போகும், அதுவும் பார்க்க அழகாகவே இருக்கும், தப்பு என்று அவிழ்க்க வேண்டாம். பக்க இழைகளைத் தாராளமாக விடுங்கள், மணிக்கட்டுச் சுற்றைப்போல் எட்டு மடங்காவது வேண்டும். கடைசியில் நுனியைத் தீக்குச்சியில் காட்டினால் உருகி அடைத்துக்கொள்ளும். உருகிய சொட்டு விரலில் பட்டால் பொத்துவிடும், அதைப் பெரியவர்கள் செய்யட்டும். இந்தக் கயிறு குளித்தாலும் கடலில் இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. உழைப்பில் மூன்றிலும் இதுவே கெட்டி.

கைக்கயிற்றைவிடப் பயனுள்ளது வெங்காயப் பை. வலை பின்னும் ஊசியும் கண்ணளவு பார்க்க ஒரு சட்டக்குச்சியும் இருந்தால், வலை கோக்கத் தெரிந்த எந்தத் தாத்தாவும் ஒரு மாலைக்குள் சொல்லிக் கொடுத்துவிடுவார். அப்புறம் இன்னொன்று. கடலில் கைவிடப்பட்ட வலை சும்மா இருப்பதில்லை, மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். கரை ஒதுங்கிய துண்டு ஒன்று பையாக மாறினால் அந்த அளவுக்கு நல்லது. ஆனால் நாற்பது முழ வலை மலைபோல் கிடக்கும் இடத்தில் ஒரு கைக்கயிறு கடலைக் காப்பாற்றிவிட்டது என்று பரிசோடு சீட்டு எழுதி வைப்பது கொஞ்சம் அதிகம்.

கடற்பாசியைத் தாளில் படியவைத்துச் செய்யும் வாழ்த்து அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லி அடையாளம் காண்பார்கள். கரை ஒதுங்கிய மெல்லிய பாசியை நல்ல தண்ணீரில் அலசி, தாம்பாளத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளைச் செருகி மெதுவாகத் தூக்கினால், அது விரிந்தபடியே தாளில் படியும். மேலே பருத்தித் துணி, அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் பாரம். செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும். பாசியின் கோந்தே பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் மையால் வரைந்த மாதிரி இருக்கும். பொங்கல் வாழ்த்துக்கு அருமை. ஆனால் தடித்த கட்டக்கோரை சரியாக அமுங்காது, நிறமும் நாளாவட்டத்தில் மங்கும். வாழ்த்து அட்டைக்கு மேல் எதற்கும் இதை நம்ப வேண்டாம்.

யாருக்கு எது என்று கேட்டால்: துபாயிலும் மலேசியாவிலும் இருக்கும் கீழக்கரைச் சினேகிதர்களுக்குக் கொட்டான், உள்ளே கருப்பட்டி. பெட்டியில் நசுங்காமல் இருக்கச் சின்னத் துணிமணியை உள்ளே திணித்துவிடலாம். ஆஸ்திரேலியா போகிறவர் என்றால் ஓலை, சிப்பி இரண்டையுமே இறங்கியதும் அறிவிக்க வேண்டும், செடி கொடிப் பொருள், விலங்குப் பொருள் விஷயத்தில் அவர்கள் ரொம்பக் கறார். அவருக்கு நைலான் கைக்கயிறே நிம்மதி. உள்ளூர் நண்பருக்குச் சிப்பி கொடுப்பதில் அர்த்தமே இல்லை, அவர் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. பள்ளி முடிந்து பிரியும் வகுப்பில் நாற்பது பேருக்கும் ஒன்று வேண்டும் என்றால் பெயர் கீறிய ஓலைதான் கட்டுப்படியாகும். ஒரே ஒரு பனையோலையில் 60-க்கும் மேற்பட்ட இதழ்கள் இருக்கும், வகுப்புக்கே கொடுத்தாலும் எழுதிப் பழக மிச்சம் இருக்கும்.