ஒரு ஃபேடரா, எட்டு ஃபேடரா: கண்ட்ரோலரை இணைக்கும் மூன்று வழிகள்

கணினியிலுள்ள இசை மென்பொருளைக் கையால் இயக்க உதவும் கருவிதான் கண்ட்ரோலர். கோர்க் நானோகண்ட்ரோல் 2-இல் எட்டு ஃபேடர்கள் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளுபட்டைகள்), எட்டுக் குமிழ்கள். பிரீசோனஸ் ஃபேடர்போர்ட்டில் ஃபேடர் ஒன்றுதான், விலையும் அதிகம். ஆனாலும் மிக்ஸிங்குக்கு (பதிந்த ஒலிகளைக் கலந்து சமன்செய்ய) என்று கேட்பவர்களுக்கு நான் அந்த ஒற்றை ஃபேடரையே சொல்வேன். அதற்கு அடியில் மோட்டார் இருக்கிறது. மென்பொருள் அனுப்பும் செய்தியைக் கேட்டு அது தானே நகர்கிறது. நானோகண்ட்ரோலின் ஃபேடர்களுக்குச் சொல்ல மட்டும்தான் தெரியும், கேட்கத் தெரியாது. கண்ட்ரோலரை இணைத்த பிறகு வரும் தலைவலிகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இணைக்கும் வழிகள் மூன்று. (மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் மொழி.) ஒவ்வொரு குமிழையும் நாமே ஒரு வேலைக்குக் கட்டிப்போடும் மிடி லேர்ன் ஒன்று. மிக்ஸர் பலகையைப் போல நடந்துகொள்ளும் மேக்கி கண்ட்ரோல் முறை இரண்டாவது. குறிப்பிட்ட மென்பொருளுக்கென்றே எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வழியாக இணைவது மூன்றாவது.

மிடி லேர்ன் எளிது, எங்கும் கிடைக்கும். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் கண்ட்ரோல்+எம் அழுத்தி, திரையில் வேண்டிய குமிழைச் சொடுக்கி, கையிலுள்ள குமிழைத் திருகினால் முடிந்தது. எதுவும் நடக்கவில்லை என்றால், மிடி அமைப்புகளில் கருவியின் போர்ட்டுக்கு (செய்தி வந்துபோகும் வாயிலுக்கு) நேரே உள்ள 'ரிமோட்' அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'டிராக்' என்பது சுரங்களை உள்ளே அனுப்புவதற்கு, 'ரிமோட்' என்பது குமிழ்களைக் கட்டுவதற்கு.

குறைகள் பிறகுதான் தெரியும். 1983-இல் வந்த மிடியில் ஒரு சாதாரணக் கண்ட்ரோல் செய்திக்கு 0 முதல் 127 வரை மொத்தம் 128 படிகளே உண்டு. ஃபில்டரை மெல்லத் திறக்கும்போது அந்தப் படிகள் சில சிந்தசைசர்களில் காதுக்கே கேட்கும். இன்னொன்று தாவல். திரையில் ஒலி அளவு உச்சத்தில், உங்கள் ஃபேடர் அடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டவுடன் ஒலி பொத்தென்று விழும். லைவில் 'டேக்ஓவர்' என்ற இடத்தில் 'பிக்கப்' என்று மாற்றினால், ஃபேடர் திரையிலுள்ள அளவைக் கடக்கும்வரை எதுவும் அசையாது. எஃப்எல் ஸ்டுடியோவின் மிடி அமைப்புகளிலும் இந்த வசதி உண்டு. வாங்கிய அன்றே இதை இயக்கிவிடுவது நல்லது.

இத்தனை குறை இருந்தும், இசைக்கருவி ஒலிகளை வாசிப்பவர்களுக்கு மோட்டார் இல்லாத எளிய ஃபேடர்களே போதும் என்பேன். வயலின் குழுவோ புல்லாங்குழலோ உயிரோடு ஒலிக்க மிடி கண்ட்ரோல் செய்திகளில் 1-ஆம் எண்ணும் (மாடுலேஷன்) 11-ஆம் எண்ணும் (எக்ஸ்பிரஷன்) வேண்டும். இடக்கையின் இரண்டு விரல்களில் இரண்டு ஃபேடர்கள் இருந்தால், வலக்கை வாசிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஏற்ற இறக்கம் கொடுக்கலாம். இங்கே மிடி லேர்ன்கூட வேண்டாம், சுரங்களோடு சேர்ந்து அப்படியே பதிவாகிவிடும். நானோகண்ட்ரோலில் மட்டும் ஒரு எச்சரிக்கை: முதல் ஃபேடர் தொடக்கத்தில் 0-ஆம் எண்ணை அனுப்பும், அது ஒலி வங்கியைத் தேர்ந்தெடுக்கும் எண். கோர்க் தரும் எடிட்டரில் போய் எண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். விண்டோஸில் பல மிடி டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்கே போர்ட்டைத் தரும். ஆகவே எடிட்டரை மூடிவிட்டு இசை மென்பொருளைத் திறங்கள்.

கமகத்துக்கு மட்டும் ஃபேடர் உதவாது. அதற்கு பிட்ச் வீல்தான். அதன் எல்லை வழக்கமாக இரண்டு அரைச்சுரங்களில் நிற்கும். வீணை, நாதஸ்வர ஒலிகளில் நீண்ட ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கல்) வேண்டுமானால் ஒலிக்கருவியின் அமைப்பில் அந்த எல்லையை விரிக்க வேண்டும். பிட்ச் பெண்ட் செய்திக்கு 16,384 அளவுகள் உண்டு, அதனால் விரித்தாலும் வழுக்கல் கெடாது.

மேக்கி கண்ட்ரோல் தன் ஃபேடர்களுக்கு எடுத்துக்கொண்டதும் இதே பிட்ச் பெண்ட் செய்தியைத்தான். எட்டு டிராக்குகளுக்கு எட்டு மிடி சேனல்கள், மாஸ்டருக்கு ஒன்பதாவது. 128 படிகள் என்ற தடை அங்கே உடைகிறது. ஒன்பதாவது டிராக்குக்குப் போக, அடுத்த எட்டு டிராக்குகளுக்கு மாற்றும் பேங்க் பொத்தானை அழுத்தினால், மோட்டார் இருந்தால் எல்லா ஃபேடர்களும் புதிய இடங்களுக்கு ஓடி நிற்கும். ஒரு பாடகியின் குரலைச் சொல்லுக்குச் சொல் ஏற்றி இறக்கி ஆட்டோமேஷன் எழுதும்போது இதன் அருமை புரியும். மறுமுறை ஓடவிட்டால் உங்கள் விரல் செய்ததையே ஃபேடர் செய்துகாட்டும். பிழையான இடத்தில் மட்டும் தொட்டுத் திருத்திவிட்டு விடலாம்.

இந்த முறையை அமைப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். ரீப்பர், கியூபேஸ் போன்ற மென்பொருள்களில் மேக்கி கண்ட்ரோலைச் சேர்க்கும்போது உள்வரும் போர்ட், வெளிச்செல்லும் போர்ட் இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிச்செல்லும் போர்ட்டை விட்டுவிட்டால் கருவி வேலை செய்வதுபோலவே தெரியும், ஆனால் மோட்டார் அசையாது, விளக்கு எரியாது. இன்னொரு படியும் உண்டு. கியூபேஸின் மிடி போர்ட் அமைப்பில் இந்தப் போர்ட்டை 'ஆல் மிடி இன்புட்ஸ்' என்பதிலிருந்து நீக்க வேண்டும், லைவில் 'டிராக்'கை அணைக்க வேண்டும். செய்யாவிட்டால் ஃபேடரின் அசைவு பதிவில் இருக்கும் வீணைக்குள் பிட்ச் பெண்டாகப் புகுந்து சுருதியைக் குலைக்கும்.

டிராக் பெயர்களைத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வருத்தம்: மேக்கி திரையில் ஒரு சேனலுக்கு ஏழு எழுத்துகளுக்குத்தான் இடம், அதிலும் தமிழ் எழுத்து தெரியாது. ரோமன் எழுத்தில் சுருக்கித்தான் வைக்க வேண்டும்.

நானோகண்ட்ரோலையும் மேக்கி முறையில் இயக்கலாம். குறிப்பிட்ட பொத்தான்களை அழுத்தியபடி யூஎஸ்பியைச் செருக வேண்டும், பட்டியல் கையேட்டில் இருக்கிறது. மியூட், சோலோ விளக்குகள் சரியாக எரியும். ஆனால் எதிரில் மோட்டார் இருப்பதாக மென்பொருள் நம்பிக்கொண்டிருப்பதால், பேங்க் மாற்றி ஃபேடரைத் தொட்டதும் ஒலி அளவு தாவும். பொத்தான்களுக்கு மட்டும் இந்த முறையைப் பயன்படுத்துங்கள்.

புரோ டூல்ஸ் மென்பொருள்காரர்களுக்கு மேக்கி கண்ட்ரோல் கிடையாது. மேக்கி கண்ட்ரோலுக்கு முந்தைய எச்யூஐ முறை, அல்லது புரோ டூல்ஸின் நிறுவனமான அவிட் தன் கருவிகளுக்குப் பயன்படுத்தும் யூகான்.

மூன்றாவது வழி, நேரடி ஸ்கிரிப்ட். ஏபிள்டன் புஷ், நோவேஷன் லாஞ்ச்கீ போன்றவை லைவுடன் செருகிய உடனே ஒன்றிவிடும். லாஞ்ச்கீ இரண்டு போர்ட்டுகளாகத் தெரியும். கண்ட்ரோல் சர்ஃபேஸ் வரிசையில் 'டா' (DAW, அதாவது இசை மென்பொருள்) போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சுரங்களுக்கு 'மிடி' போர்ட்டை. மாறிவிட்டால் பேட்கள் (தட்டும் பொத்தான்கள்) கிளிப்புகளை (சிறு இசைத் துண்டுகளை) தொடங்காது. தாளம் கட்டவும், மேடையில் வாசிக்கவும் இதற்கு இணை இல்லை. ஆனால் ஸ்கிரிப்ட் பழசானால் கருவியும் ஊமையாகிவிடும். 2021-இல் லைவ் 11 பைத்தான் நிரல்மொழியின் புதிய பதிப்புக்கு மாறியபோது, பிறர் எழுதிய பழைய ஸ்கிரிப்டுகளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மேக்கி முறைக்கு அந்தப் பயம் குறைவு, இருபது ஆண்டுகளாக அதை ஏறக்குறைய எல்லா மென்பொருள்களும் புரிந்துகொள்கின்றன.

மோட்டார் ஃபேடர் என்று முடிவு செய்த பிறகு ஃபேடர்போர்ட்டா, ஒன்பது ஃபேடர்கள் கொண்ட பெரிங்கர் எக்ஸ்-டச்சா என்பது மிச்சம். வீட்டில் தனியாகக் குரலும் சில கருவிகளும் கலப்பவருக்கு ஃபேடர்போர்ட் போதும். ஒரு நேரத்தில் ஒரு டிராக்கைத்தான் நம் காது உண்மையில் சரிசெய்கிறது. தவில், மிருதங்கம், கடம் என்று பல மைக்குகளில் பதிந்த கச்சேரியைக் கலப்பவருக்கு எக்ஸ்-டச் வேண்டும், அங்கே இரண்டு மூன்று ஃபேடர்களைச் சேர்த்து நகர்த்தும் தேவை அடிக்கடி வரும். எதை வாங்கினாலும் மின் இணைப்புக்கு மேசையருகே ஒரு பிளக் ஒதுக்கிவிடுங்கள். யூஎஸ்பி மின்சாரம் மட்டும் மோட்டாரை ஓட்டாது.