டெபியனும் விண்டோஸும் ஒரே லேப்டாப்பில்: நாலு வருடச் சத்தக் கணக்கு

2021 கடைசியில் வாங்கிய லேப்டாப், இன்டெல் 11ஆம் தலைமுறை. கணக்கு எழுத டேலி வேண்டும் என்பதால் விண்டோஸை விட முடியாது. மற்ற வேலைகளுக்கு எனக்கு லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன்தான் கைக்கு வரும். அதனால் டூயல் பூட், அதாவது ஒரே லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம். டெபியன் 11 நிறுவும்போதே வைஃபைக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஏற்றும் சிறு மென்பொருள்) இல்லை என்று அதுவே கேட்டது. பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தேன், வேலை முடிந்தது. சத்தத்தைப் பற்றி மட்டும் அது மூச்சே விடவில்லை.

அமைப்புகளைத் திறந்து பார்த்தால் ஒலி வெளியீடு இருக்க வேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று ஒரே ஒரு வரி. அதே ஸ்பீக்கர் விண்டோஸில் அலறுகிறது. ஆகவே கருவியில் பழுதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பழைய லேப்டாப்களில் ஆல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்து, 'எம்எம்' என்று ஊமையாகக் கிடப்பதை எழுப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இதில் தேர்ந்தெடுக்கக் கார்டே இல்லை.

அவசரத்தில் ஒரு குறுக்கு வழியைப் பிடித்தேன். டிரைவர் அமைப்புகள் இருக்கும் மோட்புரோப் அடைவுக்குள் ஒரு கோப்பு போட்டு, அதில் டிஎஸ்பி_டிரைவர்=1 என்று எழுதினால், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) புது டிரைவரை விட்டுவிட்டுப் பழைய எச்டிஏ டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். மறுதொடக்கம் செய்தேன், ஸ்பீக்கர் பேசியது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் மைக்கைச் சோதித்துப் பார்க்கவே தோன்றவில்லை. மறுவாரம் ஒரு வீடியோ கூட்டத்தில், "அண்ணா, நீங்க வாயசைக்கிறது தெரியுது, ஒண்ணும் கேக்கல" என்றார்கள். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் வயர் வைத்த இயர்போனை வைத்தே ஒப்பேற்றினேன். சோம்பல்தான், வேறென்ன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை நீக்கிவிட்டு கர்னலின் பதிவைப் பொறுமையாகப் படித்தேன். காரணம் அங்கேயே எழுதியிருந்தது: எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம். இந்தத் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் ஒலி சிப்புக்கு முன்னால் டிஎஸ்பி என்று ஒரு தனிச் செயலி உட்கார்ந்திருக்கிறது. கணினி தொடங்கும்போது அதற்கென்று ஒரு ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். 2018இல் தொடங்கிய சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் (எஸ்ஓஎஃப்) திட்டம் தருவது அதைத்தான். மூலநிரல் திறந்ததுதான். ஆனால் பெரும்பாலான லேப்டாப்கள் இன்டெலின் கையொப்பமிட்ட கோப்பைத்தான் ஏற்கும். அதனால் டெபியன் 11 அதை, முழுச் சுதந்திரம் இல்லாத மென்பொருளுக்கான நான்-ஃப்ரீ பிரிவில் தள்ளி வைத்திருந்தது. உள்ளே இருக்கும் டிஜிட்டல் மைக்குகள் அந்த டிஎஸ்பியோடுதான் இணைந்திருக்கின்றன. நான் எடுத்த குறுக்கு வழி டிஎஸ்பியைச் சுற்றிக்கொண்டு போனது. ஸ்பீக்கருக்கு வாய் கிடைத்தது, லேப்டாப்புக்குக் காது போனது.

நான்-ஃப்ரீ பிரிவைச் சேர்த்து, ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்ட் என்ற பொதியை நிறுவி மறுதொடக்கம் செய்தேன். பத்து நிமிட வேலை. ஸ்பீக்கர், மைக் இரண்டும் வந்தன. எட்டு மாத இயர்போன் வாழ்க்கையை நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. சில நாட்களில் டெபியனுக்குள் வந்தால் எல்லாம் சரியாகக் காட்டும், ஒலி அளவுக் கோடு துள்ளும், காதில் மட்டும் ஒன்றும் விழாது. இது டிரைவர் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை கர்னலை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒரு தாளில் தேதி போட்டுக் குறித்தபோதுதான் பிடிபட்டது: டேலி வேலை முடித்து விண்டோஸிலிருந்து நேராக டெபியனுக்கு வந்த நாட்களில்தான் இந்த ஊமைத்தனம்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. தன் கர்னல் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. 'ரீஸ்டார்ட்' முழுதாக மூடும், ஆனால் சிப்புக்கு மின்சாரம் அறுவதில்லை, விண்டோஸ் விட்டுப்போன நிலையிலேயே ஒலி சிப் டெபியன் கைக்கு வருகிறது. என் லேப்டாப்புக்கு ஒத்துவந்தது ஒரே வழிதான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிட்டேன். ஓஎஸ் மாறும்போது ரீஸ்டார்ட் கொடுக்காமல் அணைத்து, பத்து விநாடி விட்டுப் போடுகிறேன். இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுதவிடாமல் டெபியன் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

2023 ஜூனில் டெபியன் 12 வந்தபோது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஃபர்ம்வேரை நிறுவும் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். முதல் திரையிலேயே சத்தம் வந்தது. க்னோம் டெஸ்க்டாப்பில் ஒலியைக் கையாளும் பல்ஸ் ஆடியோ போய் பைப்வயர் வந்ததும் இந்தப் பதிப்பில்தான். நேர்மையாகச் சொன்னால் எனக்கு அந்த மாற்றம் தெரியவே இல்லை.

ப்ளூடூத் ஹெட்செட் மட்டும் இன்னும் மல்லுக்கு நிற்கிறது. இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே முகவரியோடு அதனுடன் பேசுகின்றன, ஆனால் ஆளுக்கொரு இணைப்புச் சாவி வைத்திருக்கின்றன. விண்டோஸில் இணைத்தால் டெபியனை மறந்துவிடுகிறது. ஒரு பக்கத்துச் சாவியை எடுத்து மறுபக்கத்துக் கோப்பில் எழுதலாம், ஒருமுறை செய்தும் பார்த்தேன், வேலை செய்தது. புது ஹெட்செட் வாங்கியபின் திரும்பச் செய்யப் பொறுமையில்லை. விண்டோஸில் இருக்கும்போது அந்தப் பழைய வயர் இயர்போன்தான்.