தந்தை மீண்டும் அணிந்த மாஸ்க்: கோவையின் சிபாப் சேவை மையம் ஒன்றைப் பற்றி

என் தந்தைக்கு வயது 64. உறக்கப் பரிசோதனையில் அவருக்கு மணிக்கு 42 முறை மூச்சு தடைபடுவது தெரியவந்தது. 30-ஐத் தாண்டினாலே அது தீவிர ஸ்லீப் அப்னியா, அதாவது உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய். உறங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் சிபாப் கருவியை மருத்துவர் பரிந்துரைத்தார். கருவியை விற்ற கடையில் பொத்தானை மட்டும் காட்டிப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். ஐந்தாம் இரவு மாஸ்க்கைக் கழற்றியவர் இரண்டு மாதம் அதைத் தொடவில்லை. 1980-இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் முதன்முதலில் பயன்படுத்திய இச்சிகிச்சை, காற்றழுத்தத்தால் தொண்டை அடைபடாமல் தாங்கிப் பிடிப்பது மட்டுமே என்பதால், கழற்றிய இரவிலேயே மூச்சுத்தடை திரும்பிவிடும்.

பிறகுதான், வேறு இடத்தில் வாங்கிய கருவிக்கும் தொடர் கவனிப்பு தரும் ஒரு சிறிய மையத்தைக் கோவையில் கண்டோம். அங்கிருந்த டெக்னீஷியன் கருவியைத் திறப்பதற்கு முன், "ஐயா, எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க? காலைல வாய் காஞ்சு கெடக்குதுங்களா?" என்று கேட்டார். தந்தையைக் கட்டிலில் படுக்க வைத்து, இரவில் ஓடும் அதே அழுத்தத்தில் மாஸ்க்கைப் பொருத்திப் பார்த்தபோதுதான், அவருடைய அடர்ந்த மீசையின் வழியாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்ததும், அதைத் தடுக்க நாங்கள் வாரை இறுக்கியதால் கசிவு கூடியதும் புரிந்தன. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்குக்குப் பதிலாக, நாசித் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க்கைக் கொடுத்தார்கள். மீசையை எடுக்கச் சொல்லாததற்காகவே தந்தைக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்தது.

கருவியைப் போட்டதும் மூச்சு முட்டுகிறது என்ற அவருடைய புகாரை நாங்கள் பயம் என்றே நினைத்திருந்தோம். தொடக்க அழுத்தம் 4 என்ற மிகக் குறைந்த அளவில் இருந்ததே காரணம் என்று கண்டு, மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு 6-க்கு உயர்த்தினார்கள். முதல் வாரம் பகலில் செய்தி பார்க்கும்போது அரை மணி நேரம் அணிந்து பழகச் சொன்னார்கள். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் தேங்கிக் களகளவென்று ஒலித்ததற்கு, கருவியைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்துக் குழாயைத் துணியால் சுற்றச் சொன்னார்கள், ஒலி நின்றது. மின்தடையின்போது கருவியில் உள்ள ஈரப்பதமூட்டியின் சூட்டை அணைத்தால் இன்வெர்ட்டர் நெடுநேரம் தாங்கும் என்பதும், முகத்து எண்ணெய் சிலிக்கானைக் கெடுக்கும் என்பதால் மாஸ்க்கைத் தினமும் கழுவ வேண்டும் என்பதும் அங்கே தெரிந்துகொண்டவை.

இரண்டாம், ஏழாம், பதினான்காம் நாள்களில் அவர்களே அழைத்தார்கள். பேசியது என்னிடம் அல்ல, தந்தையிடம். இதை நான் மிகவும் மதிக்கிறேன். மாதக் கடைசியில் கருவியின் பதிவுகள் சேரும் எஸ்டி கார்டைப் படித்து, எத்தனை மணி நேரம் அணிந்தார், எவ்வளவு கசிந்தது என்று இரவு வாரியாக அவருக்கே காட்டினார்கள். அமெரிக்க மெடிகேர் காப்பீடு வைத்திருக்கும் அளவுகோலான 70 சதவீத இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் என்பதை அவர் தாண்டியிருந்தார். மூச்சுத்தடை மணிக்கு 3 ஆகக் குறைந்திருந்தது.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை எடுப்பதில்லை. புதிதாகப் பழகுபவருக்கு அது நீண்ட நாள். கருவியின் காற்று வடிகட்டியின் விலை வெளியே வாங்குவதைவிட அதிகம். கார்டை ஒவ்வொரு முறையும் நேரில் கொண்டுபோக வேண்டியிருப்பதால், பொள்ளாச்சியில் இருக்கும் எங்களுக்கு அரை நாள் கழிந்துவிடுகிறது. ஆயினும் அடுத்த மாதத்துக்கும் முன்பதிவு செய்திருக்கிறோம். இம்முறை நாளைக் குறித்தவர் தந்தைதான்.